கொழுப்பை அக்கரை சேர்க்கும் 'பாதை': கார்னிற்றினும் நமது உணவும்

சென்ற தவணையில் ஒருநாள் உயர்தர உயிரியல் பாடம் முடிந்து வெளியே வந்தபோது மாணவி ஒருத்தி என்னை நிறுத்திக் கேட்டாள்.

"டீச்சர், இந்தக் குளிசையக் குடிச்சா உடம்புல உள்ள கொழுப்பெல்லாம் எரிஞ்சி போயிருமாமே, உண்மையா?"

"யாருக்கு மகள்?" என்றேன்.

"ராத்தாக்கு டீச்சர். ரெண்டு மாசத்துல கலியாணம். ஒரு போத்தல் வாங்கி வெச்சிருக்கா. காலச் சாப்பாட்டையும் விட்டுட்டா. உம்மா ஏசிக்கிட்டே இருக்காங்க."

அவள் காட்டிய படத்தில் 'எல்-கார்னிற்றின்' என்று பெரிதாக எழுதப்பட்டிருந்தது. அதன் விலைக்கு அவர்கள் வீட்டில் ஒரு கிழமைக்கு மீன் வாங்கலாம். அன்று நின்ற நிலையில் நான் சொன்ன இரண்டு வசனங்கள் அவளுக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்தக் கேள்விக்குரிய முழு விடையே இக்கட்டுரை. மாணவிகள் மட்டுமன்றிப் பெற்றோரும் வாசிக்க வேண்டும் என்பதால் பாடநூற் சொற்களை இயன்றவரை விளக்கியே எழுதுகிறேன்.

இறைச்சியிலிருந்து வந்த பெயர்

கார்னிற்றின் புதிதாகக் கண்டுபிடித்த மருந்து அல்ல. 1905ஆம் ஆண்டு இரசிய விஞ்ஞானிகளான குலெவிச், கிரிம்பேர்க் ஆகிய இருவரும் இறைச்சிச் சாற்றை ஆராய்ந்தபோது இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இலத்தீன் மொழியில் இறைச்சியைக் குறிக்கும் 'கார்னிஸ்' என்ற சொல்லிலிருந்தே அதற்குப் பெயர் வந்தது. அதன் இரசாயனக் கட்டமைப்பு 1927இல் தெரியவந்தது. ஆனால் அது உடலில் என்ன வேலை செய்கிறது என்பது நெடுங்காலம் எவருக்கும் தெரியவில்லை.

மாவில் வளரும் ஒருவகை வண்டின் புழுக்களை வளர்த்து ஆராய்ந்தவர்களே அடுத்த துப்பைக் கண்டனர். கார்னிற்றின் இல்லாத உணவில் அந்தப் புழுக்கள் வளராமல் இறந்தன. ஆகவே அதை ஒரு விற்றமின் என்று எண்ணி 'விற்றமின் பீரீ' எனப் பெயரிட்டனர். பின்னர் 1955இல் பிரிற்ஸ் என்ற ஆய்வாளர், ஈரலில் கொழுப்பமிலங்கள் எரிவதைக் கார்னிற்றின் தூண்டுகிறது என்று காட்டினார். மனித உடல் தனக்குத் தேவையானதைத் தானே தயாரித்துக் கொள்கிறது என்பதும் தெரியவந்தது. எனவே, புழுவுக்கு விற்றமினாக இருந்த பொருள் நமக்கு விற்றமின் அல்ல என்றாயிற்று. போத்தலின் கதையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விடயத்தை நினைவில் வைத்திருங்கள்.

பெயரின் முன்னாலுள்ள 'எல்' என்ற எழுத்து மூலக்கூறின் வடிவத்தைக் குறிக்கிறது. இடது கையும் வலது கையும் போல ஒன்றுக்கொன்று ஆடி விம்பமான இரண்டு வடிவங்கள் கார்னிற்றினுக்கு உண்டு. உடலில் வேலை செய்வது 'எல்' வடிவம் மட்டுமே. 'டீ' வடிவம் அந்த வேலைக்கு இடையூறு செய்யும்.

கொழுப்பு எரியும் இடம்

மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் வாவியைக் கடக்கப் 'பாதை'யில் ஏறியவர்களுக்கு இந்தப் பாடம் இலகுவாக விளங்கும். கரையில் மனிதர்களும் மோட்டார் சைக்கிள்களும் காத்து நிற்கும். பாதை வந்து ஏற்றிக்கொண்டு அக்கரையில் இறக்கிவிடும். பிறகு அடுத்த சுமைக்காகத் திரும்பி வரும். பாதை அக்கரையிலேயே நின்றுவிடுவதில்லை. ஏற்றிவந்தவர்களோடு ஊருக்குள் போவதுமில்லை.

நமது கலங்களில் சக்தி உற்பத்தியாகும் இடம் இழைமணி. அதற்கு வெளிமென்சவ்வு, உள்மென்சவ்வு என இரண்டு சுவர்கள் உண்டு. கொழுப்பு எரிவது உள்மென்சவ்வுக்கு உட்புறத்தில். ஆனால் நமது உணவிலும் உடற்கொழுப்பிலும் அதிகமுள்ள நீண்ட சங்கிலிக் கொழுப்பமிலங்கள் அந்தச் சுவரைத் தாமாகக் கடக்க முடியாது. அவற்றைக் கடத்திவிடும் பாதைதான் கார்னிற்றின்.

வேலை மூன்று படிகளில் நடக்கிறது. முதலாவதாக, வெளிமென்சவ்விலுள்ள ஒரு நொதியம் கொழுப்பமிலத்தைக் கார்னிற்றினோடு இணைக்கிறது. இதுவே ஏற்றும் துறை. இரண்டாவதாக, உள்மென்சவ்விலுள்ள ஒரு புரதம் இந்தச் சோடியை உள்ளே கொண்டு செல்கிறது. மூன்றாவதாக, உள்ளேயுள்ள இன்னொரு நொதியம் கொழுப்பமிலத்தை இறக்கிவிடுகிறது. வெறுமையான கார்னிற்றின் மீண்டும் வெளியே வந்து அடுத்த சுமையை ஏற்றுகிறது.

இறக்கிவிடப்பட்ட கொழுப்பமிலம் இரண்டு இரண்டு காபன்களாக வெட்டப்படும். இதைப் பீற்றா ஒட்சியேற்றம் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். 16 காபன்கள் கொண்ட பாமிற்றிக் அமிலம் 7 முறை வெட்டப்பட்டு 8 அசற்றைல் துணைநொதியம் ஏ மூலக்கூறுகளாகும். அவை மேலும் ஒட்சியேற்றப்பட்டுச் சக்தி பிறக்கும். ஒரு கிராம் காபோவைதரேற்று சுமார் 4 கிலோகலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9 கிலோகலோரி தருகிறது. நமது இதயத் தசை பெரும்பாலும் கொழுப்பமிலங்களை எரித்தே துடித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே கார்னிற்றின் எவ்வளவு பெரிய அருட்கொடை என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

இங்கே மாணவிகள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கார்னிற்றின் கொழுப்பை எரிப்பதில்லை, அதைக் கொண்டு சேர்க்கிறது. அந்த வேலையில் தான் செலவாகிப் போவதுமில்லை. 'கொழுப்பை எரிக்கும் கார்னிற்றின்' என்று விளம்பரத்தில் எழுதும்போதே பாடம் பிழைத்துவிடுகிறது.

துறையின் கதவு யாருடைய கையில்?

கொழுப்பு எரிவது குறைந்தால் பாதைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் என்ன என்று கேட்கலாம். போத்தல் விற்பவர்களின் வாதமும் அதுதான். சுகதேகியான ஒருவரின் உடலில் பாதைகளுக்குக் குறைவில்லை. வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 20 கிராம் கார்னிற்றின் இருக்கிறது. அதில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டது தசைகளிலேயே உள்ளது.

பயணத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது ஏற்றும் துறையின் கதவு. 1977இல் மக்கரி, பொஸ்ரர் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கதவின் பூட்டைக் கண்டறிந்தனர். அதன் பெயர் மலோனைல் துணைநொதியம் ஏ. நாம் சோறு, பாண், சீனி முதலியவற்றை உண்டதும் இரத்தத்தில் குளுக்கோசும் அதைத் தொடர்ந்து இன்சுலினும் உயர்கின்றன. அப்போது ஈரல் மேலதிகக் குளுக்கோசைக் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது. அந்த வேலையின் இடையில் உருவாகும் மலோனைல் துணைநொதியம் ஏ, ஏற்றும் துறையிலுள்ள நொதியத்தைத் தடுத்துவிடும். ஒரே நேரத்தில் கொழுப்பைக் கட்டுவதும் எரிப்பதும் வீண்வேலை என்பதால் வல்ல இறைவன் வைத்த ஒழுங்கு இது. கதவு பூட்டியிருக்கையில் கரையில் நூறு பாதைகள் நின்றாலும் பயணம் நடவாது.

கதவு எப்போது திறக்கும்? உணவு உண்டு பல மணித்தியாலங்கள் கழிந்து இன்சுலின் குறையும்போது திறக்கும். தசைகள் உழைக்கும்போதும் திறக்கும்.

நோன்பு மாதத்தை எண்ணிப் பாருங்கள். நமது நாட்டில் பஜ்ரிலிருந்து மஃரிப் வரை 13 மணித்தியாலத்துக்கு மேல் நோன்பிருக்கிறோம். ஈரலிலுள்ள கிளைக்கோசன் பகலில் படிப்படியாகக் குறைய, கொழுப்பிழையத்திலிருந்து கொழுப்பமிலங்கள் இரத்தத்துக்கு வருகின்றன. துறையின் கதவு திறந்து, கார்னிற்றின் ஓய்வின்றி ஓடுகிறது. அஸருக்குப் பின்னரும் நாம் நடமாட முடிவதில் இதற்கும் பங்குண்டு. நோன்பு ஓர் இபாதத். அதை எடை குறைக்கும் திட்டமாக எண்ணக்கூடாது. ஆயினும் அது நம் உடலின் இயல்பை நமக்குக் காட்டுகிறது.

அதே நாள் மஃரிபுக்குப் பின் நடப்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேரீச்சம்பழமும் கஞ்சியும் போதுமான தொடக்கம். அவற்றோடு சமோசா, ரோல்ஸ், பலூடா, சீனி கலந்த சர்பத், பிறகு இரவுச் சாப்பாடு என்று தொடர்ந்தால் கதவு மீண்டும் பூட்டிக்கொள்கிறது. பகலில் எரிந்த கொழுப்பு இரவில் திரும்பி வந்து சேர்கிறது. ஒரு மாதம் நோன்பிருந்தும் பெருநாளில் சட்டை இறுகுவது இதனால்தான்.

வீட்டிலேயே கிடைக்கும் கார்னிற்றின்

உணவில் கார்னிற்றின் அதிகமுள்ளது சிவப்பு இறைச்சியில். சமைத்த மாட்டிறைச்சி 100 கிராமில் ஏறத்தாழ 50 முதல் 140 மில்லிகிராம் வரை இருக்கும். கோழியிறைச்சியில் அது 3 முதல் 5 மில்லிகிராம் அளவே. மீனிலும் சில மில்லிகிராம்தான். ஒரு கோப்பைப் பாலில் சுமார் 8 மில்லிகிராம் உண்டு. மரக்கறி, தானியங்களில் மிகக் குறைவு.

இதை வாசித்துவிட்டு நாளாந்தம் மாட்டிறைச்சி உண்ண வேண்டும் என்று எவரும் முடிவு செய்ய வேண்டாம். நமது அயலில் இறைச்சியே உண்ணாத சைவக் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் வயலில் வேலை செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், முதுமை வரை வாழ்கிறார்கள். அவர்களுக்குக் கார்னிற்றின் எங்கிருந்து வருகிறது? ஈரலும் சிறுநீரகங்களும் லைசீன், மெதியோனீன் என்ற இரண்டு அமினோவமிலங்களைக் கொண்டு அதைத் தயாரிக்கின்றன. 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடல் நாளொன்றுக்குச் சுமார் 11 முதல் 34 மில்லிகிராம் வரை தயாரிக்கும். சிறுநீரகங்கள் வடிகட்டும் கார்னிற்றினில் ஏறத்தாழ 95 சதவீதத்தை மீண்டும் உறிஞ்சி உடலுக்கே தந்துவிடுகின்றன. உணவில் குறைந்தால் சிறுநீரகம் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதனாலேயே 1989இல் அமெரிக்காவின் உணவு, போசணைச் சபை கார்னிற்றினை அத்தியாவசியப் போசணைப் பொருளாகக் கொள்ளத் தேவையில்லை என்று முடிவு செய்தது. 'நாளொன்றுக்கு இவ்வளவு உட்கொள்ள வேண்டும்' என்ற அளவே அதற்கு விதிக்கப்படவில்லை.

உடலின் இந்த உற்பத்திக்கு இரண்டு அமினோவமிலங்கள் மட்டும் போதா. இரும்புச்சத்து, விற்றமின் சீ, விற்றமின் பீ6, நியாசின் ஆகியனவும் வேண்டும். இரும்புச்சத்துக்குச் சற்றுப் பின்னர் வருகிறேன்.

போத்தலில் உள்ளது என்ன செய்யும்?

இதற்கு ஆராய்ச்சிகள் தரும் விடையை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் எடை சற்றுக் கூடிய 36 பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 4 கிராம் எல்-கார்னிற்றினும் மற்றவர்களுக்கு வெறும் போலிக் குளிசையும் 8 வாரங்கள் கொடுக்கப்பட்டன. இரு சாராரும் கிழமைக்கு 4 நாட்கள் அரை மணித்தியாலம் நடந்தனர். முடிவில் எடையிலோ உடற்கொழுப்பிலோ இரு சாராருக்கும் இடையே வேறுபாடு இல்லை. கார்னிற்றின் உட்கொண்டவர்களில் சிலர் குமட்டலும் வயிற்றோட்டமும் வந்து இடையில் விலகினர்.

2016இல், அதுவரை நடந்த ஆய்வுகளில் 9 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பங்குபற்றிய 911 பேரில் கார்னிற்றின் உட்கொண்டவர்கள் மற்றவர்களை விடச் சராசரியாக 1.33 கிலோகிராம் கூடுதலாகக் குறைந்திருந்தனர். ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் போத்தலின் படத்திலுள்ள மெலிவும் இதுவும் ஒன்றல்ல.

இந்த அளவை நமது தேநீர்க் கோப்பையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு கோப்பைத் தேநீருக்கு 15 கிராம் சீனி போட்டால் 60 கிலோகலோரி. நாளுக்கு 4 கோப்பை என்றால் 240. ஒரு மாதத்துக்கு 7200. ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கிலோகலோரி சக்தி உண்டு. மற்றவை மாறாதிருக்க, தேநீரில் சீனியை நிறுத்துவதாலேயே ஒரு மாதத்தில் ஒரு கிலோவுக்குக் கிட்டிய கொழுப்பின் சக்தி மிச்சமாகிறது. இதற்குக் காசு செலவாவதில்லை, சீனிக்காசும் மீதியாகிறது.

வாயால் உட்கொள்ளும் கார்னிற்றின் தசைக்குப் போய்ச் சேர்வதும் இலகுவல்ல. குளிசையாக உட்கொள்ளும் பெரிய அளவில் 14 முதல் 18 சதவீதமே உடலில் உறிஞ்சப்படுகிறது. 2011இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், தசையிலுள்ள கார்னிற்றினை 21 சதவீதம் கூட்டுவதற்கு 24 வாரங்கள் எடுத்தன. அதற்காக ஒவ்வொரு முறையும் 2 கிராம் கார்னிற்றினோடு 80 கிராம் காபோவைதரேற்றுக் கலந்த பானத்தை நாளுக்கு இருமுறை குடிக்க வேண்டியிருந்தது. அதாவது நாளொன்றுக்கு 160 கிராம், 640 கிலோகலோரி. மெலிய நினைப்பவர் யார் இதைச் செய்வார்?

உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் கார்னிற்றினை அங்குள்ள பக்டீரியாக்கள் மாற்றுகின்றன. அப்போது உருவாகும் பொருளால்தான் சிலருக்கு உடலில் மீன் வாடை வீசுகிறது. நாளொன்றுக்கு 3 கிராமளவில் உட்கொள்வோருக்குக் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வயிற்றோட்டம் ஆகியனவும் வரலாம். அந்தப் பொருளை ஈரல் மேலும் மாற்றும்போது உண்டாவதற்கும் நாடி நோய்களுக்கும் தொடர்பிருக்கலாம் என 2013 முதல் ஆய்வுகள் எச்சரிக்கின்றன.

நமக்கு இன்னொரு விடயமும் உண்டு. இன்று விற்பனைக்கு வரும் கார்னிற்றின் பெரும்பாலும் ஆலைகளில் இரசாயன முறையிலோ பக்டீரியாக்களைக் கொண்டோ தயாரிக்கப்படுகிறது. ஆனால் அதை அடைக்கும் கூட்டின் ஜெலற்றின் எந்தப் பிராணியிலிருந்து வந்தது என்பதை லேபலைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இணையத்தில் வாங்கும் போத்தலில் பல வேளை அந்தத் தகவலே இருப்பதில்லை.

யாருக்கு உண்மையில் மருந்து?

கார்னிற்றின் சிலருக்கு உயிர் காக்கும் மருந்து. கார்னிற்றினைக் கலத்துக்குள் கொண்டுசெல்லும் புரதத்துக்குரிய பரம்பரையலகு பழுதடைந்து பிறக்கும் குழந்தைகள் உண்டு. அவர்களின் சிறுநீரகத்தால் கார்னிற்றினைத் தடுத்து வைக்க முடியாது. பசியிருக்கும்போதோ காய்ச்சலின்போதோ இரத்தத்தில் குளுக்கோசு திடீரெனக் குறையும், இதயத் தசை பலவீனமடையும். வட அத்திலாந்திக்கிலுள்ள பரோ தீவுகளில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருக்கிறது. வேளைக்குக் கண்டறிந்து வாழ்நாள் முழுவதும் கார்னிற்றின் கொடுத்தால் அவர்கள் நலமாக வாழலாம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதடைந்த பரம்பரையலகு வந்தாலே இந்நோய் தோன்றும். நெருங்கிய உறவில் திருமணம் செய்யும் சமூகங்களில் இத்தகைய பின்னிடைவான நோய்களின் வாய்ப்புக் கூடும். மச்சான் மச்சிக்கிடையே சம்பந்தம் செய்யும் வழக்கமுள்ள நாம், தலசீமியாவைப் போலவே இதையும் அறிந்திருப்பது நல்லது. குடும்பத்தில் காரணம் தெரியாமல் குழந்தை இறந்திருந்தால் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் சிறுநீரக நோயாளருக்கும், வலிப்புக்கு வல்புரோயிக் அமிலம் உட்கொள்ளும் சிலருக்கும் கார்னிற்றின் குறையலாம். அளவைத் தீர்மானிப்பது வைத்தியர். கடைக்காரரோ முகநூலோ அல்ல.

எறியப்படும் குளிசை

இப்போது இரும்புச்சத்துக்கு வருகிறேன். இக்கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான பகுதி இதுதான். பாடசாலையில் மாணவிகளுக்குக் கிழமைக்கு ஒருமுறை இரும்புச்சத்துக் குளிசை தருகிறோம். அதை வாயில் வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயடிக்குப் போய்த் துப்பும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் அந்தக் குளிசை நிலத்தில் கிடக்க, ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய குளிசை வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

கார்னிற்றினைத் தயாரிக்கும் இரண்டு நொதியங்கள் இரும்பும் விற்றமின் சீயும் இல்லாமல் வேலை செய்யா. அதைவிடப் பெரிது, ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஈமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். ஒட்சிசன் இல்லாமல் இழைமணிக்குள் கொழுப்பு எரியாது. மாதவிடாயால் ஒவ்வொரு மாதமும் இரும்பை இழக்கும் வயது உங்களுடையது. காலை உணவையும் விட்டால் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும், பாடத்தில் கண் சொருகும். அந்தச் சோர்வைப் 'பருமனாக இருப்பதால்' என்று எண்ணி இன்னும் உணவைக் குறைக்கிறார்கள். 15 வயதுக்கு மேற்பட்ட, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தச்சோகை. ஒரு சிறிய இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அளவான மாட்டிறைச்சி, ஈரல், மீன், முருங்கையிலை, கௌபி, பயறு ஆகியவற்றில் இரும்பு உண்டு. இலைக்கறியிலும் பயறிலும் உள்ள இரும்பு உடலில் சேரத் தேசிக்காய்ப் புளியோ கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ துணை செய்யும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கம் அந்த இரும்பைத் தடுத்துவிடும். ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள்.

பெற்றோருக்கும் மாணவிகளுக்கும்

கலியாணம் பேசும் காலத்தில் பிள்ளையின் உடம்பைப் பற்றி வீட்டுக்கு வருவோர் சொல்லும் ஒரு வார்த்தை, அந்தப் பிள்ளையைப் போத்தலிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. உம்மாமார் அந்தப் பேச்சை வாசலிலேயே நிறுத்த வேண்டும். பிள்ளை காலைச் சாப்பாட்டை விடுவதைக் கண்டால் ஏசாமல் காரணத்தைக் கேளுங்கள்.

எடை உண்மையில் கூடியிருந்தால் செய்ய வேண்டியவை பழையவையே. சோற்றை ஓரகப்பை குறைத்துக் கறியையும் இலைக்கறியையும் கூட்டுங்கள். மென்பானம் வாங்கும்போது போத்தலிலுள்ள வர்ண அடையாளத்தைப் பாருங்கள். 2016 முதல் நமது நாட்டில் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு அடையாளம் இட வேண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாளுக்கு 60 நிமிடமும், பெரியவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவதும் உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சுபஹுக்குப் பின் உம்மாவும் மகளுமாகக் கடற்கரையில் நடக்கலாம். வசதியில்லாவிட்டால் வீட்டு முற்றமும் மொட்டைமாடியும் போதும். தசை அசையும்போது துறையின் கதவு திறக்கும். உடலிலுள்ள கார்னிற்றின் தன் வேலையைத் தானே செய்யும்.

அந்த மாணவியிடம் இவற்றையெல்லாம் மறுநாள் கரும்பலகையில் வரைந்தே விளக்கினேன். அவள் அந்தப் படத்தைக் கொப்பியில் பார்த்து வரைந்துகொண்டு போய் ராத்தாவிடம் காட்டினாளாம். "பாதை நம்மட்ட இருக்காம் ராத்தா, காசு குடுத்து வாங்கத் தேவல்ல" என்று சொன்னதாக வந்து சொன்னாள். ராத்தா இப்போது காலையில் சாப்பிடுகிறார். பரிசோதித்ததில் இரத்தம் சற்றுக் குறைவு என்று தெரிந்து வைத்தியர் தந்த இரும்புக் குளிசையை உட்கொள்கிறார். சாயந்தரத்தில் தங்கையும் அவரும் நடக்கிறார்கள்.

அடுத்த கிழமை வகுப்பில் குளிசை தரும்போது இந்தக் கட்டுரையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் பாடத்துக்கு வாருங்கள்.